கத்திரி வெயிலில் மின்சாரக் கார்: எங்கே நிறுத்துவது, எவ்வளவு சார்ஜ் ஏற்றுவது

மின்சாரக் கார் வாங்கியவரைப் பார்த்ததும் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?" அடுத்தது, "பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பலரும் ஓட்டுகிற விதத்தை வைத்தே பதில் சொல்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை நெரிசலில் அலுவலகம் போய்த் திரும்ப தினமும் இரண்டு மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 22 மணி நேரம் வண்டி எங்கேயோ சும்மா நிற்கிறது. பேட்டரிக்கு வயதாவதில் பெரும்பங்கு அந்த 22 மணி நேரத்தில்தான் நடக்கிறது. எவ்வளவு சூட்டில் நிற்கிறது, எத்தனை சதவீத சார்ஜோடு நிற்கிறது என்ற இரண்டையும் கவனித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இணையத்தில் தேடினால் வருகிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை பனி பெய்யும் ஊர்க்காரர்கள் எழுதியவை. குளிரில் ரேஞ்ச் (ஒரு சார்ஜில் போகும் தூரம்) குறைகிறது, பேட்டரியைச் சூடாக்குங்கள் என்று சொல்வார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார்கள். அந்தக் குளிரையும் அவை தாங்கிக்கொண்டுதான் ஓடுகின்றன. குளிரில் குறைந்த ரேஞ்ச், குளிர் போனதும் திரும்பி வந்துவிடும். வெப்பத்தில் போனது போனதுதான்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

லித்தியம் பேட்டரியின் ஒரு மின்முனை கிராஃபைட்டால் ஆனது. அதன் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். அது இருக்கத்தான் வேண்டும், அது இல்லாமல் பேட்டரியே வேலை செய்யாது. சிக்கல் என்னவென்றால், அந்தப் படலம் வளர்ந்துகொண்டே போகும். வளர வளர, கொஞ்சம் கொஞ்சமாக லித்தியத்தை விழுங்கிவிடும். அப்படி விழுங்கிய லித்தியம் மறுபடி மின்சாரம் சுமக்க வராது. சூடு கூடக் கூட இந்த வேலை வேகமாக நடக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வேதிவினைகள் சுமார் இரண்டு மடங்கு வேகமெடுக்கும் என்பது வேதியியலில் ஒரு பொதுக் கணக்கு. பேட்டரி நிறைந்திருக்கும்போது உள்ளே மின்னழுத்தமும் அதிகம், அது இன்னும் தூண்டிவிடும். ஆக, முழு சார்ஜோடு வெயிலில் நிற்பது இரட்டை அடி. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இது நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதை உலகத்துக்கே பாடமாகக் காட்டிய ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பாலைவன நகரம் ஃபீனிக்ஸ். 2010 கடைசியில் வந்த நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது, விசிறிகூடக் கிடையாது. அந்தக் காரின் திரையில் பேட்டரியின் கொள்ளளவைக் காட்ட 12 கோடுகள் இருக்கும். 2012 கோடையில், வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத கார்களில் கோடுகள் மறைகின்றன என்று ஃபீனிக்ஸ்காரர்கள் புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். அதே கார் குளிர்ச்சியான ஊர்களில் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் நிறுவனம் கொள்ளளவுக்கும் சேர்த்து வாரண்டி கொடுத்தது, 2015 மாடலில் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் பேட்டரியையும் கொண்டுவந்தது. பாலைவனப் பல்லியை நினைத்து அதற்கு 'லிசார்ட் பேட்டரி' என்று செல்லப் பெயர் வைத்தார்கள்.

இன்றைய கார்கள் அந்த நிலையில் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனாலும் நம் ஊர் வெயிலையும் லேசாக எடைபோட முடியாது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. வேலூர், திருத்தணிப் பக்கம் 42 என்பது எந்தக் கோடையிலும் நடக்கிற விஷயம்.

முதல் படி: உங்கள் பேட்டரி எந்த ஜாதி?

வண்டியோடு வந்த கையேட்டில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, அது எல்எஃப்பி (LFP, லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியா, என்எம்சி (NMC, நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்தது) பேட்டரியா என்பது. டாடா நெக்ஸான் இவி எல்எஃப்பி வகை. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் ஹூண்டாய் கிரேட்டா எலெக்ட்ரிக் என்எம்சி வகை. எல்எஃப்பி பொதுவாக வெப்பத்தைச் சற்று நன்றாகத் தாங்கும், அதிக முறை ஏற்றி இறக்கலாம், ஆனால் எடை கூடுதல். என்எம்சி அதே எடையில் அதிக மின்சாரம் வைத்திருக்கும், ஆனால் நிறைந்த நிலையில் சூட்டில் நிற்பது அதற்குக் கொஞ்சமும் ஆகாது.

இன்னொன்று, குளிரூட்டல். திரவக் குளிரூட்டல் உள்ள கார் என்றால் நல்லது. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: பெரும்பாலான கார்களில் அந்த வசதி ஓட்டும்போதும் சார்ஜ் போடும்போதும்தான் வேலை செய்யும். பூட்டிவிட்டுப் போன பிறகு வெயிலில் நிற்கும் பேட்டரியை யாரும் குளிர வைக்கப் போவதில்லை. விற்பனைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

இரண்டாம் படி: நிறுத்தும் இடம்

பேட்டரி காரின் தரைக்கு அடியில் இருக்கிறது. பல கார்களில் அது இருநூறு கிலோவுக்கு மேல் எடை வரும். கனமான தோசைக்கல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: சூடேற நேரமாகும், ஏறிவிட்டால் ஆறவும் நேரமாகும். அதனால் பத்து நிமிஷம் காய்கறிக் கடை வாசலில் வெயிலில் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. காலை 9 மணிக்கு நிறுத்தி மாலை 6 மணிக்கு எடுக்கிற இடம்தான் முக்கியம். வாரத்துக்கு ஐந்தாறு நாள், வருஷம் முழுக்க. மேலே இருந்து வெயில், கீழே கொதிக்கும் தார் என்று அங்கே இரண்டு பக்கமும் அடி விழும். தார்ச்சாலையைவிட மண்தரையும் சிமென்ட் கல் பதித்த தரையும் பரவாயில்லை.

அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்துவிட்டு மேலே வீடு கட்டுவார்களே, அந்த ஸ்டில்ட் பார்க்கிங்தான் நம் ஊருக்குச் சிறந்த இடம். நிழலும் உண்டு, காற்றோட்டமும் உண்டு. அதிலும் மேற்கு ஓரத்து இடம் மாலை வெயிலை வாங்கும், உள்பக்கம் கிடைத்தால் விடாதீர்கள். அடித்தளப் பார்க்கிங் இன்னும் குளிர்ச்சி, ஆனால் மழைக்காலத்தில் அதன் கதையே வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

தகரக் கூரை போட்ட ஷெட் கொஞ்சம் ஏமாற்றும். நிழல்தானே என்று நினைப்போம். மூன்று பக்கமும் சுவர் வைத்து அடைத்திருந்தால் மதியம் அது அடுப்பு மாதிரி ஆகிவிடும். கூரையை உயர்த்திப் பக்கங்களைத் திறந்துவிட்டால் சரியாகும். கீற்றுக் கொட்டகை குளிர்ச்சிதான், ஆனால் அதற்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். எந்த மின்சார வேலைக்கும் கீற்று ஆபத்து.

தெருவில்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால் மரம் பாருங்கள். புங்கமரத்து நிழலுக்கு ஈடு இல்லை, வேம்பும் நல்லது. காக்கை எச்சமும் பூவும் விழும். துடைத்துக்கொள்ளலாம், பேட்டரியைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது. தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

மரம் இல்லாமல் கட்டட நிழலை நம்புகிறவர்கள் திசையைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் கட்டடத்தின் வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழலாக இருக்கும், ஏனென்றால் அப்போது சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. அதைப் பார்த்து அந்த இடத்தைப் பிடித்து வைத்தவர்கள் மே மாதத்தில் ஏமாறுவார்கள். சென்னைக்கு நேர் உச்சியைச் சூரியன் ஏப்ரல் கடைசி வாரத்தில் கடக்கிறது. அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை நடுப்பகல் சூரியன் சற்றே வடக்கில்தான் இருக்கும். கத்திரி முழுக்க இந்தக் காலத்துக்குள் வந்துவிடுகிறது. அதனால் கோடையில் வடக்குப் பக்கம் வீண். கிழக்குப் பக்கம் பாருங்கள்: காலை வெயில் விழும், ஆனால் உச்சி திரும்பிய பிறகு, அதாவது சூடு உறைக்கிற பிற்பகல் முழுவதும், நிழல் அந்தப் பக்கம்தான் விழும்.

கார் கவர் போடலாமா? வெள்ளை அல்லது வெள்ளி நிறக் கவர் நேரடி வெயிலைத் தடுக்கும், போடலாம். ஓடி வந்த சூட்டோடு உடனே மூடாமல் கொஞ்சம் ஆறவிட்டு மூடுங்கள். முன்கண்ணாடியில் வைக்கும் மடிப்புத் தட்டியால் பேட்டரிக்கு நேரடியாகப் பெரிய பயன் இல்லை. உட்காரும்போது சீட் சுடாது, ஏசி தின்கிற மின்சாரம் குறையும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் மதியம் கடல்காற்று நுழைந்ததும் வெப்பம் சட்டென்று இறங்கும், அந்த வகையில் அதிர்ஷ்டம். உப்புக்காற்று மட்டும் உலோகத்தை அரிக்கும். சார்ஜ் போடும் துளையின் மூடி சரியாக மூடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு ஏற்றுவது

என்எம்சி என்றால் அன்றாட ஓட்டத்துக்கு 80 சதவீதம் போதும். வெளியூர் போகிற அன்றைக்கு மட்டும் 100.

எல்எஃப்பி கொஞ்சம் வேறு மாதிரி. பாதி நிறைந்திருந்தாலும் முக்கால் நிறைந்திருந்தாலும் இந்த வகையில் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். அதனால் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காருக்கே சரியாகத் தெரியாமல் போகும். அவ்வப்போது முழுதாக நிரப்பினால்தான் கணக்கு நேராகும், உள்ளே இருக்கும் செல்களும் ஒன்றுக்கொன்று சமமாகும். எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பது கையேட்டில் இருக்கும், அதையே கேளுங்கள். ஆனால் இதைக் கேள்விப்பட்டுவிட்டு, "எல்எஃப்பிதானே, தினமும் நூறு போடலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படியே விடலாம்" என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அது அரைகுறைப் பேச்சு. எந்த வகையானாலும், நிரப்பியவுடன் ஓட்டிவிட்டால் பிரச்சினை இல்லை. சனிக்கிழமை இரவு 100 ஆக்கி, ஞாயிறு முழுக்க மொட்டை வெயிலில் நிறுத்தி வைப்பதுதான் கூடாது.

அடிமட்டமும் நல்லதல்ல. 10 சதவீதத்துக்குக் கீழே ஓரிரு மணி நேரம் இருந்தால் பரவாயில்லை, நாள்கணக்கில் அப்படி விட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: எப்போது ஏற்றுவது

பலர் செய்கிற தவறு இது: மாலை 7 மணிக்கு வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னே பிளக்கைச் சொருகுவது. பகல் வெயிலும் ஓடி வந்த சூடும் பேட்டரியில் அப்படியே இருக்கும். அதன் மேல் சார்ஜ் ஏறும் சூடு. அப்புறம் 11 மணிக்கே நிறைந்து, காலை வரை நிறைந்த நிலையிலேயே நிற்கும்.

அதற்குப் பதில், கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உங்கள் பேட்டரி 30 யூனிட் (கையேட்டில் kWh என்று இருக்கும்) என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதத்திலிருந்து 80-க்குக் கொண்டுபோக 12 யூனிட் வேண்டும். வீட்டு 15 ஆம்ப் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும் என்றால் நான்கு மணி நேரம், சேதாரத்துக்கு இன்னொரு அரை மணி. காலை 8 மணிக்குக் கிளம்புகிறவர் இரவு 2 மணிக்கு ஆரம்பித்தால் 6.30-க்கு முடிந்துவிடும். ஊரே குளிர்ந்திருக்கும் நேரம் அது. காரின் செயலியிலோ சுவரில் மாட்டிய சார்ஜரின் செயலியிலோ நேரம் குறித்து வைக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். இல்லையென்றால் சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போகும்போது சொருகுங்கள், அதுவே 7 மணிக்குச் சொருகுவதைவிட மேல்.

நிழலே இல்லாத இடத்தில் பகல் முழுக்க நிறுத்த வேண்டியவர் என்றால், காலையில் 80-க்குப் பதில் 60, 65 சதவீதத்தோடு கிளம்பிப் பாருங்கள். நகரத்துக்குள் அது தாராளம். நிழலை விலைக்கு வாங்க முடியாதவர்களுக்கு இதுவே கைவசம் இருக்கிற மருந்து.

முதல் மாடி பால்கனியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொங்கவிட்டு சார்ஜ் போடுகிறவர்களை இப்போதும் பார்க்கிறேன். பேட்டரி ஆயுளை விடுங்கள், உங்கள் ஆயுளுக்கே அது ஆகாது. தனி வயர், நல்ல எர்த்திங், கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர், இந்த மூன்றும் இல்லாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

ஐந்தாம் படி: நெடுஞ்சாலையில் மதிய வெயில்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறீர்கள், விக்கிரவாண்டி தாண்டும்போது மணி ஒன்று. அதிவேக சார்ஜரில் போட்டதும் முன்பக்கம் விசிறி இரைகிற இரைச்சலில் புதியவர்கள் பயந்துவிடுவார்கள். பேட்டரி குளிரூட்டல் முழு மூச்சில் ஓடுகிறது, அவ்வளவுதான். சூடு அளவு மீறினால் காரே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜரைத் திட்டிப் பயனில்லை.

செய்யக்கூடியது இதுதான். சாலையில் 110, 120 என்று விரட்டிவிட்டு நேராகப் போய்ச் சொருகாதீர்கள், கடைசிப் பத்து நிமிஷம் நிதானமாக வாருங்கள். கூரை உள்ள சார்ஜர் கிடைத்தால் இரண்டு கிலோமீட்டர் கூடுதலாகப் போனாலும் அங்கே போங்கள். 80 சதவீதத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறும், பின்னால் ஒருவர் காத்துக்கொண்டிருப்பார். மாதத்துக்கு இரண்டு தடவை இப்படிப் போடுவதால் பேட்டரி கெட்டுவிடாது. தினமும் அதிவேக சார்ஜரையே நம்பி ஓட்டுகிற வாடகைக் கார்க்காரர்களுக்குத்தான் இது கவலை.

ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மார்கழி, தை மாதங்களில் ஊட்டியில் உறைபனி விழும். மலை ஏறி முடித்ததும், பேட்டரி சூடாக இருக்கும்போதே சார்ஜ் போட்டுவிடுங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியில் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும் என்பதால் காரே அதைத் தடுத்து மெதுவாக்கும். ஆனால் இறங்கும் அன்று 100 வைத்துக்கொள்ளாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே தயாரித்துத் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கு நிறைந்த பேட்டரியில் இடமே இருக்காது. கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையும் சாதாரண பிரேக்கின் தலையில் விழும்.

ஆறாம் படி: ஐப்பசி வந்தால் இடம் மாற்றுங்கள்

கோடையில் சொர்க்கமாக இருந்த அடித்தளப் பார்க்கிங், வடகிழக்குப் பருவமழையில் குளமாகிவிடும். 2015 வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் அதைச் சென்னைக்கு நன்றாகவே காட்டிவிட்டன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியதைச் சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. பேட்டரி மாற்றுவதற்கு ஆகும் லட்சக்கணக்கான செலவை நினைத்தால் அந்த மக்கள் செய்தது சரியான கணக்கு.

பேட்டரிக்கு ஐபி67 தரம் உண்டே என்பீர்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கிற சோதனை அது. இரண்டு நாள் சாக்கடைத் தண்ணீரில் ஊறுவதற்கான உத்தரவாதம் அதில் இல்லை.

மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளி, வெட்டவெளியில் இருக்கட்டும். சக்கரம் உருள இழுக்காமல், தட்டையான லாரியில் ஏற்றி சர்வீஸுக்கு அனுப்புங்கள். கடல்நீர் புகுந்தால் இன்னும் மோசம். 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவை இயன் புயல் தாக்கியபோது உப்புநீரில் மூழ்கிய சில மின்சாரக் கார்கள் நாள்கள் கழித்துத் தீப்பிடித்தன. மழை வரும் முன்பே காப்பீட்டில் பேட்டரிக்கான கூடுதல் பிரிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: மாதக்கணக்கில் ஊரில் இல்லையென்றால்

பிள்ளையைப் பார்க்க வெளிநாடு போய் இரண்டு, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிற பெற்றோர் இப்போது நிறைய. போகும் முன் 50 சதவீதம் வாக்கில் வைத்து, நிழலில் நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். பெரிய பேட்டரி மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

காலைவாரிவிடுவது, பூட்டையும் திரையையும் எழுப்பும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது தீர்ந்தால் பெரிய பேட்டரியில் பாதி இருந்தும் கார் கதவே திறக்காது. வெயில் அதன் ஆயுளையும் சுருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை யாரையாவது வண்டியை ஆன் செய்து அரை மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள், அல்லது கையேட்டில் சொன்னபடி அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். செயலியைத் திறந்து திறந்து காரைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் அந்தச் சின்னப் பேட்டரியைத் தின்னும். சும்மா நிற்கும் வண்டிக்குள் எலி குடியேறி வயரைக் கடிப்பதும் உண்டு, வருகிறவர் பானெட்டையும் திறந்து பார்க்கட்டும்.

எட்டாம் படி: எவ்வளவு தேய்ந்திருக்கிறது?

திரையில் காட்டும் ரேஞ்சைப் பார்த்துப் பேட்டரியின் உடல்நலத்தைச் சொல்ல முடியாது. நீங்கள் சமீபத்தில் ஓட்டிய விதத்தையும் ஏசியையும் வைத்து அது போடுகிற குத்துமதிப்பு. மே மாதம் 20 கிலோமீட்டர் குறைந்தால் பெரும்பாலும் ஏசி தின்றிருக்கும், மார்கழியில் திரும்பி வரும்.

சர்வீஸுக்கு விடும்போது எஸ்ஓஹெச் எவ்வளவு என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். புதிதில் 100 ஆக இருந்த கொள்ளளவில் இன்று மிச்சம் எத்தனை சதவீதம் என்பது அது. முதல் வருஷத்தில் கொஞ்சம் வேகமாக இறங்கி, பிறகு நிதானப்படுவது இயல்பு. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான கார்களை வைத்துப் பார்த்த கணக்குகளில் வருஷத்துக்குச் சராசரியாக 2 சதவீதத்தை ஒட்டித்தான் குறைகிறது. வீட்டிலேயே பார்க்க வேண்டுமானால், வருஷத்துக்கு ஒரு தடவை, ஒரே மாதத்தில், 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற எத்தனை யூனிட் ஆகிறது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துவையுங்கள். தை மாதம் வசதி, வெயில் குழப்பாது. இந்தியாவில் பல கார்களுக்குப் பேட்டரி வாரண்டி 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பது வாரண்டிப் புத்தகத்தின் சின்ன எழுத்தில் இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள் எஸ்ஓஹெச் சீட்டோடு இன்னொன்றையும் விற்பவரிடம் கேளுங்கள்: பகலில் வண்டியை எங்கே நிறுத்தி வைத்திருந்தீர்கள்?